வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: சாதாரணக் கணக்கர் ஒருவர் போதைப்பொருள் கடத்தலில் சிக்கிக்கொள்ளும் குற்றப் புதினம் ஒன்றை எழுதி வருகிறேன். தாம் சுமந்து செல்லும் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று அவர் கடைசிவரை அறியாதவராகவே இருக்கிறார். இருந்தும், கைப்பிரதியைப் படித்தவர்களுக்கு அவர்மீது ஒட்டுதல் ஏற்படவில்லை. ஏன்?

பதில்: அந்த அறியாமைதான் காரணம் என்று நினைக்கிறேன். எதுவுமே தெரியாதவருக்கு நேர்வதை வாசகர் விபத்தாகத்தான் எடுத்துக்கொள்வார். அடிபட்டவருக்காக வருந்துவாரே தவிர, அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று பக்கம் பக்கமாகக் காத்திருக்க மாட்டார். ஒரே ஒரு பயணத்துக்கு இவ்வளவு கூலியா, வேறொருவர் பூட்டிய பெட்டியை நாம் ஏன் கொண்டுபோக வேண்டும், அதை வாங்கிக்கொள்ள வருபவரின் பெயரை ஏன் சொல்ல மறுக்கிறார்கள் என்றெல்லாம் உங்கள் கணக்கருக்குத் தோன்ற வேண்டும். தோன்றியும், கழுத்தை நெரிக்கும் கடனை நினைத்து, ‘உள்ளே என்ன?’ என்ற கேள்வியை அவர் விழுங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சியைத்தான் நீங்கள் எழுதாமல் தாண்டிச் சென்றிருக்கிறீர்கள்.

சட்டமும் இதே இடத்தைத்தான் துருவுகிறது. போதைப்பொருள் கடத்தலுக்கு எதிராக 1988-இல் வியன்னாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவு, குற்றத்துக்கு வேண்டிய அறிவும் நோக்கமும் ஒருவருக்கு இருந்தனவா என்பதைப் புறச்சூழ்நிலைகளிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம் என்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு உங்கள் கணக்கர் நீதிமன்றத்தில் படும் பாடு மட்டுமே பல அத்தியாயங்களுக்குப் போதும்.

கேள்வி: அவரைப் பெட்டி சுமக்கும் ‘குருவி’யாக்காமல், பணத்தை மட்டும் கையாள்பவராக மாற்றினால் கதையின் கனம் குறைந்துவிடுமா?

பதில்: குறையாது, அதிகமாகும் என்பதே என் எண்ணம். சில்லறையாக விற்பவர்களிடமிருந்து கட்டுக்கட்டாகச் சேரும் ரொக்கத்துக்கு நேர்மையான வருமானம் என்ற தோற்றம் வேண்டும். அதைத் தரக்கூடியவர் கணக்கர். விற்காத சரக்குக்கு ஒரே ஒரு ரசீது எழுதச் சொல்வதில் கதையைத் தொடங்கலாம். துப்பாக்கியும் மிரட்டலும் அப்போது தேவைப்படாது. அந்தப் பணத்தின் மூலத்தை மறைப்பதையும் அதே உடன்படிக்கை குற்றமாக்கியிருப்பதால், அந்த ரசீதில் இட்ட கையெழுத்தே பின்னர் அவரை மிரட்டப் பயன்படும் ஆயுதமாகிவிடும்.

கேள்வி: கடத்தும் முறைகளை எவ்வளவு விரிவாக எழுதலாம்?

பதில்: செய்முறை வேண்டாம், உடல் படும் வேதனையை எழுதுங்கள். போதைப்பொருளை அடைத்து விழுங்கிய உறை ஒன்று வயிற்றுக்குள் கிழிந்தால், ஹெராயின் மூச்சை நிறுத்தலாம், கொக்கைன் இதயத்தை நிலைகுலைக்கலாம். இதை அறிந்த ஒருவர் விமானத்தில் உணவுத் தட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டு, வயிற்றின் ஒவ்வொரு அசைவையும் கவனித்தபடி அமர்ந்திருக்கும் நேரத்தை மட்டும் பொறுமையாக எழுதுங்கள்.