குறைமாதக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, ஊட்டச்சத்து நிபுணரிடம் காட்ட வேண்டுமா?

தங்கை குழந்தை 32 வாரத்தில் 1,400 கிராமில் பிறந்தது, 1,590 கிராமில் டிஸ்சார்ஜ், வீட்டுக்கு வந்த 6 நாளில் 60 கிராம்தான் ஏறியிருக்கிறது, தண்டையார்பேட்டை பக்கம் நல்ல ஊட்டச்சத்து நிபுணர் யார், எந்தப் பால் மாவு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாய்மாமன் பதைப்பு புரிகிறது. டப்பா வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

60 கிராம் குறைவுதான். இந்த எடையில் கிலோவுக்குத் தினம் 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும். உங்கள் குழந்தைக்கு 6 நாளில் 150 கிராமாவது வந்திருக்கணும். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின், மருந்துக்கடையில் ஒரு மெஷின் என்று எடை போட்டிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. நனைந்த டயப்பர் ஒன்றே 30, 40 கிராம் காட்டும். ஒரே மெஷினில், துணியில்லாமல், பால் கொடுக்கும் முன் போட்ட எடைதான் எடை.

அடுத்து, எவ்வளவு பால் உள்ளே போகிறது என்று பாருங்கள். கிலோவுக்கு 160 முதல் 180 மில்லி ஒரு நாளைக்கு. 1,650 கிராமுக்கு 2 மணிக்கு ஒரு தரம் என்று 12 வேளை கொடுத்தால், வேளைக்கு 22 முதல் 25 மில்லி. பல வீடுகளில் ராத்திரி 2 வேளை தூக்கத்தில் விட்டுப்போகும். "புள்ள நல்லா தூங்குது, எழுப்பாதே" என்று பாட்டி சொல்வார். நிறைமாதக் குழந்தைக்கு அது பொருந்தலாம். இதற்குப் பசித்து அழக்கூடத் தெம்பு இருக்காது, எழுப்பித்தான் கொடுக்கணும்.

பாலாடையில், அதாவது மூக்குள்ள சின்னக் கிண்ணத்தில், கொடுக்கிறீர்கள் என்றால் ஒரு வேளை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குழந்தையைத் தலை உயர்த்தி, பாதி உட்கார்ந்த மாதிரி பிடிக்கணும். பாலாடையின் மூக்கு கடைவாயில், கீழுதட்டின் மேல் நிற்கணும். பால் உதட்டைத் தொட்டதும் குழந்தையே நாக்கை நீட்டி உறிஞ்சும். விழுங்கிய பிறகு அடுத்தது. படுக்கவைத்துத் தொண்டையில் ஊற்றினால் புரையேறும். தாடைக்குக் கீழே வைத்த துணி வேளைக்கு வேளை சொட்டச் சொட்ட நனைகிறதா? 25 மில்லி எடுத்து 8 மில்லி துணியில் போனால் எடை எங்கிருந்து ஏறும்? அரை மணிக்கு மேல் இழுத்தால் குழந்தை களைத்துப்போகும், குடித்த தெம்பும் அதிலேயே செலவாகும். வயிற்றில் இருந்த 32 வாரத்தோடு பிறந்த பிறகான நாளையும் சேர்த்தால் இப்போது கிட்டத்தட்ட 36 வாரம் ஆகிறது. 34 வாரத்துக்குமேல் உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒழுங்கு வந்துவிடும் என்பதால், முதலில் மார்பில் போட்டுவிட்டு மீதியைப் பாலாடையில் கொடுக்கலாம்.

பீய்ச்சி வைத்த பாலில் கொழுப்பு பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். மெல்லச் சுழற்றிவிட்டு ஊற்றணும், இல்லையென்றால் எடை ஏற்றும் பகுதி கிண்ணத்தோடு கழுவிப்போகும். நம்மூர் வெயிலில் வெளியே 4 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். அடுப்பில் சூடாக்கக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும்.

குளிரும் எடையைத் தின்னும். சென்னையில் ஏது குளிர் என்று கேட்காதீர்கள். ஃபேனுக்கு நேர் கீழே படுக்கவைத்து, தினம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் குடித்த பாலெல்லாம் உடம்பைச் சூடாக வைக்கவே சரியாகிவிடும். வயிறும் பாதமும் இரண்டுமே வெதுவெதுப்பாக இருக்கணும். பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் உடனே நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக் கட்டுங்கள். இந்த 'கங்காரு' முறையை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அப்பா, பாட்டி, நீங்கள் யாரும் செய்யலாம். 2 கிலோ ஆகும்வரை குளிப்பாட்டாமல் துடைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்துத் திருத்துகிறவர்தான் இந்தக் குழந்தைக்கு ஊட்டச்சத்து நிபுணர். பெரியவர்களுக்கு டயட் எழுதித் தருகிறவர் அல்ல. பச்சிளங்குழந்தை மருத்துவரும், அந்த வார்டில் பால் கொடுக்கக் கற்றுத்தரும் நர்ஸும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை எல்லாம் உங்களுக்கு எட்டும் தூரம். பிறந்த இடத்திலேயே ஃபாலோ-அப் இருந்தால் அதுதான் முதல். அங்கே எடையோடு நீளமும் தலைச்சுற்றளவும் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். நீளம் வாரம் 1 செ.மீ., தலை அரை முதல் 1 செ.மீ. ஏறணும். எடை மட்டும் ஏறி நீளம் நின்றால் புரதம் போதவில்லையோ என்று யோசிப்பார்கள். குறைமாதத்துக்கென்று உள்ள ஃபென்டன் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நிறைமாதக் கோட்டோடு ஒப்பிட்டால் எந்தக் குழந்தையும் நோஞ்சானாகத்தான் தெரியும். பிறகும் 2 வயதுவரை, முன்கூட்டிப் பிறந்த 8 வாரத்தைக் கழித்துத்தான் வயது.

பால் மாவுக்கே எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தாய்ப்பால் போதாதபோது குறைமாதத்துக்கான பால் மாவோ, தாய்ப்பாலில் கலக்கும் சத்துப் பொடியோ டாக்டரே எழுதுவார். தப்பு நடப்பது கலக்குவதில். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் எடை நிற்கும். சத்து ஏறட்டும் என்று பொடியைக் கூட்டினால் குடல் தாங்காது. சொட்டு மருந்திலும் இதே கதைதான். வைட்டமின் டி தினம் 400 யூனிட் என்றால், ஒரு பாட்டிலில் அது 1 மில்லி, இன்னொன்றில் அரை மில்லி. கடையில் மாற்றிக் கொடுத்தால் அளவைத் திரும்பக் கேளுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 2 மணிக்கொருமுறை பால் பீய்ச்ச வேண்டிய பெண்ணிடம் "எப்போ வேலைக்கு வர்றே" என்று எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து போன் வருகிறது. குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் குறைவு என்றால் ஒரு மாதம்வரை கூடுதல் சம்பள விடுப்பு என்று 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அதை அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்கிறார்களா? வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அதுவும் கிடையாது. உங்கள் தங்கை வேலைக்குப் போகிறவர் என்றால் கேட்டுப் பாருங்கள்.

பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம், எழுப்பியும் பால் குடிக்காமை, மூச்சு விட்டுவிட்டு வருவது: இதில் ஒன்று இருந்தாலும் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் விழித்திரைப் பரிசோதனைத் தேதி இருக்கிறதா என்றும் இன்றே பாருங்கள். 2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு அது 30 நாளுக்குள் முடிய வேண்டும். உங்கள் கணக்கில் இன்னும் சில நாள்தான் பாக்கி.