கண் டெக்னீஷியன், அசிஸ்டென்ட் வேலைல சேர்ந்த பிறகும் எதுக்கு தொடர் கல்வி?

தொடர் கல்வின்னா புது டிகிரி இல்லைங்க, வேலை பாத்துக்கிட்டே அப்பப்போ சின்ன கிளாஸ், ஒர்க்‌ஷாப் முடிச்சு அறிவைப் புதுப்பிக்கிறது. அமெரிக்காவுல சிஓஏங்குற கண் அசிஸ்டென்ட் சர்டிபிகேட் வச்சிருந்தா 3 வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும், அதுக்குப் பொதுவா இந்த மாதிரி கிளாஸ் முடிச்சதுக்கான கிரெடிட் காட்டுவாங்க.

காரணம் ரொம்ப சிம்பிள், டாக்டர் முடிவெடுக்கிறதே இவங்க எடுத்துக் குடுக்குற அளவை வச்சுதான். கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணோட நீளத்தை அளக்குறப்போ கண்ணுல தொட்டு அளக்குற பழைய அல்ட்ராசவுண்ட் ப்ரோபைக் கொஞ்சம் அழுத்திட்டாலே நீளம் குறைஞ்சு காட்டும், 1 மில்லிமீட்டர் தப்புன்னாலே கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸோட பவர் 2.5 டயாப்டருக்கு (லென்ஸ் பவரோட அளவு) மேல மாறிடலாம், இது சாதாரண விஷயமே இல்ல. இப்போ கண்ணைத் தொடாமலே ஒளியால அளக்குற மெஷின் வந்தாச்சு, ஆனா அதுல வர்ற ரீடிங்கை எப்போ நம்பணும் எப்போ திரும்ப எடுக்கணும்னு யாராவது சொல்லிக் குடுத்தாதானே தெரியும்? அளவெடுக்கிறவர் கோட்டை விட்டா எவ்ளோ பெரிய டெய்லர் தைச்சாலும் சட்டை இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும்.

அப்புறம், இந்த கோர்ஸ் முடிச்சா நோய் என்னன்னு தாங்களே சொல்லலாம்னு சிலர் நினைக்கிறாங்க, அது தப்பு, அது டாக்டர் வேலை.