செல்லப்பிராணி கேள்வி–பதில்: ஜெர்பில் வயிற்றில் கட்டி

எங்கள் ஆண் ஜெர்பிலுக்கு (வீட்டில் வளர்க்கும் சிறு எலி வகை) இரண்டரை வயது. வயிற்றின் நடுவில் முடியில்லாத இடம் தடித்து, ரத்தம் கசிகிறது. சீழ்க்கட்டிதான், பிதுக்கிவிட்டு மஞ்சள் பற்றுப் போடு என்கிறார்கள். போடலாமா?
– வாசகி, திருமங்கலம்

இரண்டுமே வேண்டாம். முடியில்லாத அந்த இடம் வாசனைச் சுரப்பி. எல்லா ஜெர்பிலுக்கும் உண்டு, ஆணுக்குப் பெரிது. தட்டையாக, ஓரம் சீராக, மஞ்சள் மெழுகு பூசியதுபோல் இருந்தால் பயமில்லை. தடிப்பதும் ரத்தம் வருவதும் வேறு கதை. இரண்டு வயது தாண்டியவற்றுக்கு இந்தச் சுரப்பியில் புற்றுக்கட்டி அடிக்கடி வரும். சிறிதாக இருக்கும்போதே சுற்றுத்தோலோடு வெட்டியெடுத்தால் குணமாக நல்ல வாய்ப்புண்டு. தள்ளிப்போட்டால் கவட்டு நெறிக்கட்டிக்கும் பரவலாம்.

சீழ்க்கட்டி பெரும்பாலும் கூட்டாளி கடித்த இடத்தில், இரண்டு மூன்று நாளில் திடீரென எழும்பும். தொட்டால் சுடும், வலிக்கும். புற்றுக்கட்டி வாரக்கணக்கில் வளரும்.

மஞ்சளை அது நக்கியே தீர்த்துவிடும். கறை புண்ணையும் மறைக்கும். அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு சிறு கரண்டி (5 கிராம்) உப்புக் கரைத்து, பஞ்சால் ஒற்றுங்கள். மணல் தொட்டியை எடுத்துவிட்டு, மரத்தூளுக்குப் பதில் அச்சடிக்காத தாளைக் கிழித்துப் போடுங்கள். கூண்டை வலையால் மூடுங்கள். நம்மூர் வெயிலில் ஈ மொய்த்தால் புண்ணில் புழு வைக்கச் சுணங்காது. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் உரிந்து கையோடு வந்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, ஸ்கேலை வைத்து அடியிலிருந்து படமெடுத்தால் கட்டியின் அளவு கிடைக்கும். கிராம் காட்டும் தராசில் எடையும் பாருங்கள்; வளர்ந்தது 60–100 கிராம் இருக்கும்.

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் எலி வகைக்குக் கத்தி வைப்பதில்லை; போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மதுரையில் அமையாவிட்டால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: ஆடு மாடுகளுக்குப் போடும் பெனிசிலின்–ஸ்ட்ரெப்டோமைசின் கலப்பு ஊசி கூடாது. ஸ்ட்ரெப்டோமைசின் ஜெர்பிலின் தசைகளை முடக்கி, மூச்சையே நிறுத்திவிடும். அறுவைக்கு முன் பட்டினியும் போட வேண்டாம். இவற்றுக்கு வாந்தி வராது, பசிதான் ஆபத்து.

பெண் ஜெர்பிலின் வயிறு இரு பக்கமும் ஊதியிருக்கிறது. சினையா?
– வாசகர், மேலூர்

சினைக்காலம் 24–26 நாள். பாலூட்டும் தாய்க்கு இன்னும் நீளும். ஆணைப் பிரித்து இரண்டு மாதம் ஆகியும் வயிறு இறங்காவிட்டால் சினை இல்லை, சினைப்பையில் நீர்க்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். வயசான பெண்ணுக்கு இது சகஜம். மூச்சு இரைத்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஊசியால் நீரை எடுத்தாலும் மறுபடி ஊறும். சினைப்பையை நீக்குவதே தீர்வு.

ஆணின் வாலடியில் தெரியும் இரட்டை வீக்கத்தைக் கேட்டிருக்கும் மற்றவர்களுக்கு: அது விதைப்பை. விட்டுவிடுங்கள்.