வாத்தியாரிடம் கேளுங்கள்: தொலைதூர கேலக்சி என்ன வேகத்தில் போகிறது?

கேள்வி: பிளஸ் ஒன்னில் சார்புத் திசைவேகம் என்றால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும் என்று படித்தேன். இப்போது எம்.எஸ்சி. வகுப்பில், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியலில் தொலைவில் உள்ள இரண்டு பொருள்களுக்கு அப்படி ஒரு வேகத்தைச் சொல்லவே முடியாது என்கிறார்கள். பத்திரிகைகளிலோ கேலக்சிகள் ஒளியைவிட வேகமாக விலகுகின்றன என்று எழுதுகிறார்கள். யார் சொல்வது சரி?
- இயற்பியல் மாணவி, உசிலம்பட்டி

பதில்: அம்மா, முதலில் கொடைரோடு ஸ்டேஷனுக்கு வாருங்கள். மதுரையிலிருந்து போகும் ரயிலும் திண்டுக்கல்லிலிருந்து வரும் ரயிலும் அடுத்தடுத்த தண்டவாளத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன. எதிர் ரயிலின் ஜன்னல் உங்கள் முகத்துக்கு நேரே வரும் அந்த நொடியில், சார்புத் திசைவேகத்தில் எந்தக் குழப்பமும் கிடையாது. பொதுச் சார்பியலும் அதை மறுக்கவில்லை. கூட்டும் முறை மட்டும்தான் வேறு. இரண்டு ரயிலும் ஒளி வேகத்தில் 60 விழுக்காடு வேகத்தில் வந்தால், விடை 120 இல்லை, 88 விழுக்காடு. இந்த 88ஐ நினைவில் வையுங்கள்.

சிக்கல் எல்லாம் தொலைவில்தான் இருக்கிறது. திசைவேகம் ஓர் அம்பு. அது எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்கே சொந்தம். இரண்டு அம்புகளை ஒப்பிட வேண்டுமானால் ஒன்றை மற்றது இருக்கும் இடத்துக்கு, திருகாமல், கொண்டுவர வேண்டும். எந்த வழியாகக் கொண்டுவருவது?

நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் செய்து காட்டியது இது. மானாமதுரைப் பானை ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். வயிற்றுப் பகுதியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, அதில் ஓர் ஈர்க்குச்சித் துண்டை உச்சியைப் பார்த்தபடி வையுங்கள். அதை நேராக உச்சிக்கு நகர்த்துங்கள். குச்சி நிற்கும் திசையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி அதே புள்ளியில் தொடங்கி, இம்முறை வயிற்றைச் சுற்றிக் கால்வட்டம் போய், அங்கிருந்து உச்சிக்கு ஏற்றுங்கள். வழியில் குச்சியைத் திருப்பவே கூடாது. உச்சியில் வந்து பாருங்கள்: முதல் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்! குச்சியை நாம் திருப்பவில்லை, பானையின் வளைவு திருப்பிவிட்டது. காலமும் இடமும் சேர்ந்த காலவெளி, ஈர்ப்பால் வளைந்திருக்கும் இடத்தில் திசைவேகத்துக்கும் இதே கதிதான். வழிக்கு ஒரு விடை வரும். உங்கள் ஆசிரியர்கள் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் வானியலாளர்கள் எதை அளக்கிறார்கள்? ஒளியின் அலைநீளம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை. விலகும் விளக்கின் ஒளி அலைநீளம் கூடிச் சிவப்புப் பக்கம் நகரும் (இதுதான் சிவப்புப் பெயர்ச்சி); நெருங்கும் விளக்கின் ஒளி நீலப் பக்கம் நகரும். ஆனால் ஓட்டம் இல்லாமலும் ஒளி நகரலாம். நம் மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. உச்சியில் ஒரு விளக்கு அசையாமல் இருக்கிறது, தரையில் நீங்களும் அசையாமல் நிற்கிறீர்கள். ஆனாலும் கீழே வரும் ஒளி, ஈர்ப்பின் காரணமாக, இம்மியளவு நீலப் பக்கம் நகர்ந்திருக்கும். அந்த நகர்வு ஓட்டத்தால் வந்தது என்று வைத்து வேகத்தைக் கணக்குப் போட்டால், கோபுர உச்சி உங்களை நோக்கி மணிக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வேகத்தில் வருவதாக விடை கிடைக்கும். கோபுரமா நகர்கிறது? இவ்வளவு நுண்ணிய நகர்வை அளக்கவும் முடியும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்ற இயற்பியலாளர்கள் வெறும் 22.5 மீட்டர் உயரத்தில் காமாக் கதிரை வைத்து அளந்து, 1960இல் வெளியிட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கம் பாய்கிறது என்று 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தது கொடைக்கானல் வானாய்வகத்தில்தான். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நடுவே தெரியும் கருங்கோடுகளின், அதாவது நிறமாலைக் கோடுகளின், நகர்வே அவருக்குச் சாட்சி. அது உண்மையான ஓட்டம். ஐன்ஸ்டைனோ, சூரியனின் ஈர்ப்பாலேயே அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும் என்றார். வேகக் கணக்கில் அது நொடிக்குச் சுமார் 636 மீட்டர். எவர்ஷெட் கொடைக்கானலிலேயே அதையும் தேடினார். ஆனால் சூரியப் பரப்பில் கொதித்து மேலே வரும் வாயு அதே கோடுகளை நீலப் பக்கம் தள்ளுகிறது. எது ஓட்டம், எது ஈர்ப்பு என்று கோட்டில் எழுதியா இருக்கிறது? மாணவர்களோடு கொடைக்கானல் போய் அந்தக் கருங்கோடுகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான், சிவப்புப் பெயர்ச்சி என்றாலே ஓட்டம் என்று வகுப்பில் சொல்வதை நான் விட்டேன்.

இனி உங்கள் கேலக்சி. அங்கிருந்து வரும் ஒளியின் அலைநீளம் நான்கு மடங்காகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளந்தது அவ்வளவுதான். பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான 'இன்று' ஒன்றை வைத்து, நமக்கும் அதற்கும் உள்ள தூரம் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று கேட்டால், ஒளி வேகத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பத்திரிகைகள் எழுதுவது இந்த எண்ணை. இது கொடைரோட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் ஒப்பிட்ட வேகம் இல்லை. ஆகவே ஐன்ஸ்டைன் விதித்த ஒளி வேக வரம்பு இதைக் கட்டுப்படுத்தாது.

இன்னொரு வழியும் உண்டு. கேலக்சியின் திசைவேக அம்பை, அதன் ஒளி வந்த பாதையிலேயே திருகாமல் நம்மிடம் கொண்டுவந்து ஒப்பிட்டால், ஈர்ப்பைக் கணக்கில் எடுக்காத சிறப்புச் சார்பியலின் டாப்ளர் சூத்திரமே (விலகும் வேகத்திலிருந்து அலைநீள மாற்றத்தைத் தரும் சூத்திரம்) அளந்த சிவப்புப் பெயர்ச்சியை அச்சு அசலாகக் கொடுத்துவிடும். நம் நாட்டு வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் 1994இல் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். இந்த வழியில் வரும் வேகம் ஒருபோதும் ஒளியைத் தாண்டாது. நம் கேலக்சிக்கு அது ஒளி வேகத்தில் 88 விழுக்காடு.

ரயிலுக்கு வந்த அதே 88! ஒளி வேகத்தில் 60 விழுக்காட்டில் விலகும் விளக்கின் அலைநீளம் சரியாக இரண்டு மடங்காகும். இதை வைத்துக்கொண்டு, இரண்டு 88உம் ஏன் ஒன்றாக வந்தன என்று கணக்குப் போட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.