மீட்டுக் கொடுத்த படகு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக்கு வடக்கே உள்ள ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கு மூன்று ஆண்டுகளாகத் தலைவராக இருக்கிறேன். வெடி வைத்து மீன் பிடிப்பதை நான் ஒருநாளும் ஏற்றவனல்ல. ஆனாலும் எங்கள் அங்கத்தவர்களின் படகுகள் அதற்காகப் பிடிபடும்போது, பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து, சங்கத்தின் கடிதத்தைக் கொடுத்து மீட்டு வருபவனும் நானே. அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பை மூன்று மாதமாக மனைவியின் தலையில் போட்டுவிட்டேன். போன கிழமை, உயர்தரம் படிக்கும் மகன் கேட்டான்: “வெடியில் செத்த மீனை அம்மா வாங்குவதில்லை. அந்தப் படகை மட்டும் ஏனப்பா நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதவியை விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தலைவருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் மேசையில் வைத்திருந்தேன். பதவியை விடுவதா என்பது நீங்கள் கேட்ட கேள்வி; மகன் கேட்டது வேறு கேள்வி. அவருக்குப் பதில் கிடைத்தால் உங்களுக்கும் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

உங்கள் மனைவி அந்த மீனை ஏன் ஒதுக்குகிறார் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். வெடியின் அதிர்வில் காற்றுப்பை கிழிந்து, முள்ளந்தண்டு முறிந்து, சதை குழைந்துபோன மீன் அது. செத்தவற்றில் பல மிதக்காமல் அடியில் தங்கி யாருக்கும் பயன்படாமல் அழுகுகின்றன. வெடியில் நொறுங்கிய முருகைக்கல், அதாவது பவளப்பாறை, மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட, முருகைக்கல் நிறைந்த புறாத்தீவு உங்கள் மீன்பிடி வாடியிலிருந்து வெகு தூரமில்லை. வெடிபொருளால் மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே உங்கள் நெஞ்சும் சட்டமும் ஒரே பக்கம் நிற்கின்றன; சங்கத்தின் முத்திரை மட்டும் மறுபக்கம் நிற்கிறது.

அங்கத்தவர்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, ஒரு தடவை கடலுக்குப் போய்வரும் செலவைக்கூட எடுக்க முடியாமல் படகுகளைக் கரையில் ஏற்றி வைத்தவர்களை நான் அறிவேன். குறுக்கு வழிக்குப் போனவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் அல்லர். ஆனால் ஒருவனுடைய கஷ்டத்துக்குத் துணை நிற்பது வேறு, அவனுடைய வெடிக்குத் துணை நிற்பது வேறு. பிடிபட்டவனின் வீட்டுக்குச் சங்கத்தின் நலநிதியிலிருந்து அரிசி கொடுங்கள். பிள்ளையின் பள்ளிச் செலவைப் பாருங்கள். படகுக்கான கடிதத்தை மட்டும் கொடுக்காதீர்கள். மூன்று ஆண்டுகளாக இந்த இரண்டையும் ஒரே கடமையாக எண்ணிச் சுமந்ததே உங்களைக் களைக்க வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, எங்கள் கிராமத்துச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்தேன். வீட்டுத்திட்டப் பட்டியலில், கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண்ணின் பெயரைக் கீழே தள்ளிவிட்டு, செல்வாக்குள்ள ஒருவரின் உறவினரை மேலே எழுதியிருந்தார்கள். ஒரு பெயருக்காக எல்லோருடைய வீட்டையும் தாமதப்படுத்தலாமா என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் அது நியாயமாகவே பட்டது, கையொப்பமிட்டேன். பிறகு மனம் பொறுக்காமல் நான்காம் மாதம் விலகினேன். விலகியதால் எனக்குத் தூக்கம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வீடு வரவில்லை. அவர் தற்காலிகக் கொட்டிலில் இன்னொரு மாரியையும் கழித்தார். கையொப்பம் என் முதல் பிழை, விலகல் இரண்டாவது பிழை என்று இன்று நினைக்கிறேன். உங்களை இப்போதே விலகச் சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம். நீங்கள் எழுந்த கதிரையில், வெடி வாங்கிக் கொடுக்கும் முதலாளி ஒருவர் அமரமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

அம்மாவின் கிளினிக் நாளும் இதிலிருந்து பிரிந்த விடயமல்ல. கடந்த மாதம் சங்கத்துக்காக வெளியே போன நாட்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, தலைவராகும்போது நீங்கள் செய்ய விரும்பிய வேலையா அது என்று குறித்துப் பாருங்கள். படகு மீட்க அலைந்த நாட்களை அடித்துவிட்டால், அம்மாவுக்குரிய நாள் அங்கேயே கிடைக்கும். மிச்சத்தைப் பங்கிடுங்கள். குளக்கோட்டன் என்ற அரசன் திருகோணமலைக் கோணேசர் கோயிலின் திருப்பணியை முடித்ததோடு நிற்காமல், இன்ன தொழும்பு (கோயில் பணி) இன்னாருக்கு என்று வகுத்து வைத்ததைக் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் விரிவாகச் சொல்கிறது. அரசனே எல்லாவற்றையும் தன் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. உங்களுக்கு உப தலைவர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், பொருளாளர் இருக்கிறார். எரிபொருள் விண்ணப்பத்துக்கும் காப்புறுதிப் படிவத்துக்கும் தலைவரே பஸ் ஏற வேண்டியதில்லை.

வாடைக்காற்று ஓய்ந்து தொழில் காலம் தொடங்குமுன் பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். வெடியில் பிடிபடும் படகுக்குச் சங்கம் இனிக் கடிதம் கொடுக்காது, குடும்பத்தைக் கைவிடவும் மாட்டாது என்ற தீர்மானத்தை நீங்களே வாசியுங்கள். சத்தம் வரும். மூன்று ஆண்டுகள் கடிதம் கொடுத்தவர் நீங்கள்தானே என்று ஒருவர் எழுந்து கேட்பார்; ஆம், அது என் பிழை என்று சொல்லுங்கள். தீர்மானம் தோற்றால் அன்றே முத்திரையை மேசையில் வைத்துவிட்டு வரலாம். அப்போது விலகுவது சரி, ஏன் விலகினீர்கள் என்பது கரை முழுவதற்கும் தெரிந்திருக்கும்.

கூட்டத்துக்கு முன் மகனிடம் பேசுங்கள். அந்தப் படகுகளை ஏன் எடுத்துக் கொடுத்தீர்கள் என்பதை, சாக்குச் சொல்லாமல், நடந்தபடியே அவருக்குச் சொல்லுங்கள். பிறகு தீர்மானத்தின் வாசகத்தை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்.