தம்பியின் குளிசை அம்மாவுக்கு வேண்டாம்

பிள்ளை, உங்கள் நீண்ட கடிதத்தில் என்னைப் பதறவைத்தது போகிறபோக்கில் எழுதிய கடைசி வரிதான்: ஊசி போடாத இடத்திலும் அம்மாவின் கை நீலமாகக் கண்டியிருக்கிறது.

வலிப்பு மருந்து பூட்டுப்பட்ட மரபணுவைத் திறந்து புற்றுநோயை மாற்றும் என்ற யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு, தம்பியின் வலிப்புக் குளிசையான சோடியம் வல்புரோயேற்றை இரண்டு கிழமையாக அம்மாவுக்கும் கொடுக்கிறீர்கள். மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றும்போதே, இரத்தத்தை உறையவைக்கும் பிளேற்லெற் குறையும். டெங்கு வந்தால் எண்ணிப் பார்ப்போமே, அதே பிளேற்லெற். வல்புரோயேற்றும் அதைக் குறைக்கக்கூடியது, ஈரலையும் பாதிக்கலாம். அம்மாவின் கணைக்காலில் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் இருக்கின்றனவா? பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிளினிக் நாள்வரை பொறுக்காமல் இன்றே தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதியுங்கள். குளிசை மட்டையையும் காட்டுங்கள். ஏச்சு விழும் என்று ஒளித்தால், அங்குள்ள வைத்தியர் பழியைக் கீமோவில்தான் போடுவார்.

முடி கொட்டுவது, நகம் கறுப்பது, சோறு மண்போல இருப்பது எல்லாம் கீமோவின் வேலை. மருந்து முடிய மாறும்.

அந்தக் காணொளி முழுப் பொய்யென்றால் எனக்கும் சுகம். பாதி உண்மை. ஓர் உயிரணுவுக்குள் ஏறத்தாழ 2 மீற்றர் நீள டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றிக் கிடக்கிறது. ஒரு வகை நொதி ஹிஸ்டோனில் அசற்றைல் என்ற சிறு ஒட்டை வைத்தால் சுற்று தளர்ந்து மரபணு வேலை செய்யும். இன்னொரு வகை அதைக் கழற்றினால் இறுகும். பெட்டிக்குள் மடித்துப் பூட்டிய கூறையை உடுக்க முடியாதல்லவா? புற்றுநோய் உயிரணுவில், கட்டியை அடக்கவேண்டிய மரபணுக்கள் சில இப்படிப் பூட்டுப்படுகின்றன. கழற்றும் நொதியை வல்புரோயேற் தடுக்கும் என்பது 2001இல் தெரியவந்தது. அதே வழியில் வேலை செய்யும் வொரினோஸ்டாட் என்ற மருந்துக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்கு, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்க்கு. மார்புப் புற்றுநோய்க்கு வல்புரோயேற் மருந்தாகவில்லை. ஆய்வுகூடக் கிண்ணத்தில் நடப்பதெல்லாம் ஆளில் நடந்துவிடாது.

‘கவலை மரபணுவைப் பூட்டும்’ என்று கேட்டதிலிருந்து, நீங்கள் வீட்டை எதிர்த்துச் செய்த கலியாணத்தால்தான் அம்மாவுக்கு இது வந்தது என்று குமைகிறீர்கள். இல்லை. கட்டிகளில் இந்த நொதிகள் பிசகுவது பெரும்பாலும் அவற்றுக்குரிய மரபணுக்களில் பிழை விழுந்தோ, நொதி அளவுக்கு மிஞ்சியோதான். மனவருத்தம் மார்புப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. அம்மாவே அப்படிச் சொன்னாரா, நீங்களாக நினைத்ததா?

தம்பியிடம் மிச்சக் குளிசை எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்த கிளினிக்வரை காணாதென்றால் அதையும் இன்றே சொல்லி வாங்குங்கள். அவருக்கு ஒரு வேளையும் தவறக்கூடாது.