உஷாகாவில் எடுத்த படத்தில் ஆயா முகம் ஏன் இருட்டாக விழுகிறது?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். டிசம்பர் விடுமுறை வந்தால் ஆயா, தாத்தா, பிள்ளைகள் என்று குடும்பமாக டர்பன் கடற்கரையில் நீர்ச்சறுக்கும் மீன்காட்சியகமும் உள்ள உஷாகா மரைன் வேர்ல்டு பூங்காவுக்குப் போவோம். படமெல்லாம் நான்தான் போனில் எடுப்பேன். ஆயா முகம் இருட்டாக விழுகிறது. பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சறுக்கில் வரும்போது எடுத்தால் மங்கல். மீன்தொட்டி முன்னால் எடுத்தால் ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. ஆயாவின் படம் ஒன்றைப் பெரிதாக்கி ஹாலில் மாட்ட ஆசை. இதற்காக நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம், உங்கள் போனே போதும். நீங்கள் சொன்ன குறைகள் பெரும்பாலும் வெளிச்சத்தால் வருபவை. புது கேமரா வாங்கினாலும் அதே இடத்தில் அதே நேரத்தில் நின்று எடுத்தால் அதே முகம்தான் வரும்.

டர்பனில் டிசம்பர் மாத நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும். நெற்றியும் மூக்கும் பளபளக்க, கண் இரண்டும் நிழலில் குழிந்துவிடும். காலை 5 மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால், பூங்கா திறக்கும்போதே வெயில் நன்றாக ஏறியிருக்கும். ஆகவே 10 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் குடும்பப் படம் எடுக்காதீர்கள். அது பிள்ளைகள் தண்ணீரில் ஆடும் நேரம், ஆடட்டும். எல்லோரையும் நிற்க வைத்து எடுக்கும் படத்தை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் கூரை நிழலோ மர நிழலோ தேடுங்கள். நிழலுக்குள் ஆழமாகப் போகாமல், அது முடியும் ஓரத்திலிருந்து ஓர் அடி உள்ளே ஆயாவை உட்கார வைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கிட்டே போய் அவர் கருவிழியைப் பாருங்கள். அதில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வெளிச்சம் சரியாக விழுகிறது என்று அர்த்தம். புள்ளி தெரியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். மேகம் மூடிய நாளென்றால் இந்தப் பாடே இல்லை. டர்பன் கோடையில் அப்படிப்பட்ட நாளுக்குக் குறைவும் இல்லை. வானம் மூட்டமாக இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள், முகம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

அப்புறம், முகம் இருட்டாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன் படம் முழுவதையும் பார்த்து வெளிச்சத்தைக் கணக்குப் போடும். பின்னால் வெளுத்த வானமும் வெண்ணுரையும் இருந்தால், காட்சி அதிக வெளிச்சம் என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துவிடும். நம் மாநிற முகங்கள்தான் அதில் முதலில் அடிபடும். திரையில் ஆயாவின் முகத்தின்மேல் விரலை வைத்து, வெளிச்சம் பூட்டப்பட்டது என்று திரையில் காட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு அதே விரலால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஹாலில் மாட்டும் படத்தில் ஆயா தன் சொந்த நிறத்தில் இருக்க வேண்டும்.

கடற்கரையில் எந்தப் பக்கம் நிற்பது? நம் கடல் கிழக்கே இருக்கிறது. அதிகாலையில் குடும்பம் கடலைப் பார்த்து நிற்கட்டும், நீங்கள் கடல் பக்கம் நின்று எடுங்கள். மாலையில் அப்படியே மாற்றி, கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். மேற்கு வெயில் முகத்தில் விழும், பின்னால் கடல் நல்ல நீலமாக வரும். ஜூலை விடுமுறையில் போகிறவர்களுக்கு இன்னும் வசதி. அப்போது நடுப்பகலிலும் சூரியன் வடக்கே தாழ்ந்துதான் நிற்கும். இந்தியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் குறிப்புகளில் குளிர்கால நடுப்பகல் வெயில் தெற்கே என்று இருக்கும். அது இங்கே பொருந்தாது.

சறுக்குப் படத்துக்கு வருவோம். நல்ல வெயிலில் போன் தானாகவே மிக வேகமாகப் படம் பிடிக்கும், ஆகவே வேகத்தால் மங்குவது குறைவு. நான் முதலில் சந்தேகப்படுவது லென்ஸை. பிள்ளைகளுக்கு சன்ஸ்கிரீன் தடவிய அதே விரலால் போனை எடுத்திருப்பீர்கள், லென்ஸில் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். காய்ந்த பருத்தித் துணி ஒன்றைத் தனியாகப் பையில் வைத்து, ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு எடுங்கள். அடுத்தது, பிள்ளை கண்ணில் பட்டதும் அமுக்கினால் தாமதமாகிவிடும். சறுக்கு வந்து விழும் வாயில் பக்கவாட்டில் நின்று, முன்னால் வருகிற யாரையாவது பார்த்துக் குறி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை வரும் முன்பே தொடர் படம் எடுக்க ஆரம்பியுங்கள். ஐபோனில் பொத்தானை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் படபடவென்று எடுக்கும். நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள். சறுக்கில் போனை எடுத்துக்கொண்டு ஏறவே வேண்டாம். தண்ணீர் புகாத போன் என்று விற்றாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது; குளோரினும் உப்பும் வேறு கதை.

சறுக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பைகளுக்கும் பிரியாணிப் பாத்திரத்துக்கும் காவலாக உட்கார்ந்திருக்கும் ஆயா, பேரன் எப்போது வருவான் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹாலில் மாட்ட வேண்டிய படம் அதுதான் என்பது என் எண்ணம். அவரைக் கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்லாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். மிகக் கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும்.

மீன்காட்சியகம் பழைய சரக்குக் கப்பல் போலக் கட்டியது, உள்ளே நல்ல இருட்டு. ஃபிளாஷ் கூடவே கூடாது. அது தொட்டிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும், மீன்களுக்கும் தொந்தரவு. போனைச் சுவரோடு ஒட்டி நேராகப் பிடித்து எடுங்கள். சாய்வாகப் பிடித்தால் அந்தத் தடித்த சுவர் படத்தைக் குழப்பிவிடும். பிள்ளையையும் மீனையும் சேர்த்து எடுக்க, பிள்ளை பக்கவாட்டில் தொட்டியைப் பார்த்து நிற்கட்டும். தொட்டியின் நீல வெளிச்சமே முகத்துக்குப் போதும். குளிர்ந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் டர்பன் புழுக்கத்தில் லென்ஸ் பனித்துவிடும், சில நிமிடம் பொறுங்கள்.

ஆயா படத்தை அச்சுக் கடைக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அதன் நீளம் ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும், 5 அங்குலத்துக்கு மேல் தெளிவாக அச்சடிப்பது கஷ்டம். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். 12 மெகாபிக்சல் படம் 12 அங்குல நீளம் வரை நன்றாகத் தாங்கும்.